வண்டியே வீடு: வெளிவேலை நாள் பற்றிய கேள்வி பதில்

மோட்டார் ஹோமிலும் (தானே ஓடும் வீட்டு வண்டி) டிரெய்லரிலும் (இன்னொரு வண்டி இழுத்துச் செல்லும் வீடு) நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள், வெளிவேலை நாளைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சிலருக்கு ஒரு வரி பதில்தான்.

கேள்வி: கழிவு இறக்குவது, எரிபொருள், துணி, மளிகை, கேஸ், தண்ணீர், இத்தனையும் ஒரே நாளில். எதிலிருந்து தொடங்குவது?

கழிவு முதலில், குடிநீர் கடைசியில். மற்றதெல்லாம் நடுவில். கழிவு இறங்கிவிட்டால் நாள் முழுவதும் அந்த எடையைச் சுமந்து திரிய வேண்டாம். கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியை முதலில் திறங்கள். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சேரும் சாம்பல் தொட்டி அப்புறம். அந்த சோப்புத் தண்ணீரே குழாயை ஓரளவு அலசிக்கொண்டு போய்விடும்.

அடுத்து எரிபொருள். பங்க்குக்குள் நுழையும் முன்பே கேஸ் சிலிண்டரின் வால்வை மூடிவிடுங்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜும் வெந்நீர் ஹீட்டரும் உங்களைக் கேட்டுக்கொண்டு பற்றுவதில்லை. பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் ஒரு பொறி போதும். பிறகு துணி. மெஷின் ஓடும் நேரத்தில் டயர் காற்றைப் பார்த்துவிடலாம். மளிகையை முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள், அதிலும் குளிரில் வைக்க வேண்டியதைக் கடைசியாக எடுங்கள்.

இன்னொன்று. கழிவு இறக்கும் இடத்தில், தரையை அலசுவதற்காக ஒரு குழாய் இருக்கும். குடிநீரை அதில் பிடிக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர் தன் கழிவுக் குழாயை அதில் நுழைத்துக் கழுவியிருப்பார்.

கேள்வி: வண்டி நின்றிருக்கும்போது கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால், அவ்வப்போது இறக்கும் வேலை மிச்சம்தானே?

கூடாது. நீர் ஓடிவிடும், திடக்கழிவு அடியில் தங்கிக் குவிந்து இறுகிவிடும். மூடி வைத்து, மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்தபின் ஒரே மூச்சில் திறங்கள். அந்த வேகம்தான் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும்.

கேள்வி: குடிநீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஓட்டவே கூடாது என்கிறார்களே?

ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 லிட்டர் தொட்டி நிறைந்தால், மூன்று பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றிய மாதிரி. உங்கள் வண்டி தாங்கும் எடையில் அதற்கு இடமிருந்தால் தாராளமாக ஓட்டுங்கள். போகிற இடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று தெரிந்தால், வழிக்குத் தேவையானது மட்டும் போதும். கூடாது என்று ஒரே போடாகப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: நான் ஏற்கிறேன். பாதித் தொட்டி இன்னும் மோசம், தண்ணீர் அலைமோதி வண்டியை ஆட்டும். ஒன்று நிறைவாக, இல்லையேல் காலியாக.

பாதித் தொட்டி அலைமோதுவது உண்மை. ஆனால் தடுப்பு வைத்த தொட்டியில் அது குறைவு. நீங்கள் கவலைப்பட வேண்டியது தொட்டி இருக்கும் இடம். டிரெய்லரில் அது அச்சுக்குப் பின்னால் இருந்தால், பின்பாரம் கூடி, இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியின் மீது விழும் எடை குறையும். வேகம் எடுத்தால் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். அச்சுக்கு முன்னால் இருந்தால் கொக்கியில் பாரம் ஏறும். இரண்டில் எது என்று தெரியாமல் நிறைவா காலியா என்று வாதாடுவதில் பயனில்லை.

கேள்வி: மோட்டார் ஹோமில் தொட்டி தரைக்கு அடியில் இருக்கிறது. நிரப்பினால் வண்டி நிதானமாகப் போவதை நானே உணர்கிறேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எடை தாழ்ந்தால் நிதானம் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டயருக்கு அது தெரியாது. அதற்கு எடை எடைதான். தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, சாமான் முழுவதும் ஏற்றி, வீட்டு ஆட்களும் உள்ளே இருக்க, ஒருமுறை எடை மேடையில் ஏற்றுங்கள். முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக. மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் ஒரு அச்சு மட்டும் மீறியிருப்பது சாதாரணம். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

கேள்வி: டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பட்டனை மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டியில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும்.

கேள்வி: கேஸை 80 சதவீதத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. திரவ நிலையில் உள்ள கேஸ் வெயிலில் விரியும். மீதி 20 அதற்கான இடம். முழுக்க நிரப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் போகாதீர்கள். பங்க்கில் வால்வை மூடச் சொன்னதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: நிலையான முகவரி இல்லாதவருக்கு வரி, காப்பீடு எப்படி?

என் துறை இல்லை. வரி ஆலோசகரையும் காப்பீட்டு முகவரையும் கேளுங்கள். முழுநேரம் குடியிருக்கிறேன் என்று காப்பீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கறுப்புத் தொட்டி வால்வைத் திறந்து வைக்கலாமா? ரசாயனம் ஊற்றினால்?

மேலே சொல்லிவிட்டேன். ரசாயனம் ஊற்றினாலும் மூடித்தான்.

கேள்வி: இந்த வேலைகளுக்கு வண்டியோடு போவதா, சின்ன கார் ஒன்றைப் பின்னால் இழுத்துச் சென்று அதில் போவதா?

துணிக்கும் மளிகைக்கும் கார். கழிவுக்கு வண்டியைக் கிளப்பித்தான் ஆக வேண்டும். வண்டியோடு போனால் கூரையில் உள்ள ஏசி வரை அளந்த உயரத்தைக் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். பங்க்கில் திரும்பும்போது பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி எதிர்ப்பக்கம் வீசும். இடிபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: இறக்கி முடித்த பிறகும் மீட்டர் தொட்டி நிறைந்திருப்பதாகவே காட்டுகிறது.

சென்சாரில் காகிதம் ஒட்டியிருக்கும். நிறையத் தண்ணீர் விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி இறக்குங்கள். அதற்குப் பிறகும் அப்படியே காட்டினால் மீட்டரை நம்பாதீர்கள், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். யாராவது வால்வைத் திறந்து வைத்திருந்தார்களா என்றும் விசாரியுங்கள்.