காத்திருக்க வேண்டாம், தங்கச்சி

18 மாத மகன் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. “தகப்பனும் 3 வயதில்தான் பேசினான்” என்கிறார் மாமியார் என்று அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள், தங்கச்சி. முதலில் செவித்திறன் பரிசோதனை. பிறகு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்; வளர்ச்சியில் தாமதம் தெரியும் குழந்தைகளைப் பரிசோதித்துப் பயிற்சி தரும் அரசு மையம் அது. அங்கே கட்டணம் இல்லை. ஆட்டிசமா, அதாவது பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறுபடும் மூளை வளர்ச்சி நிலையா, என்று முடிவாகும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். மூளையில் மொழிக்கான இணைப்புகள் வேகமாக உருவாகும் வயது இது.

வீட்டில் அவன் கண் போகும் இடத்துக்கு உங்கள் சொல் போகட்டும். படித்துறையில் தாமிரபரணியையே பார்த்துக்கொண்டிருந்தால், “தண்ணி” என்று சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அவன் கை நீட்டினால் அதுவும் பேச்சுதான், உடனே பதில் சொல்லுங்கள். கைபேசிப் பாட்டு இதற்கு ஈடாகாது. உங்கள் வளர்ப்பால் ஆட்டிசம் வருவதில்லை. வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மையத்துக்குப் போகும்போது அவன் வீட்டில் விளையாடும் காணொளி ஒன்றைக் கொண்டுபோங்கள். புது இடத்தில் அழுதால் மருத்துவருக்கு அது உதவும்.