மச்னூர் பெண்களை யார் காக்க வைத்தது?

கேள்வி: போன இதழில் தெலங்கானாவின் சங்கம் ரேடியோவை "மக்களே நடத்தும் முதல் சமுதாய வானொலி" என்று எழுதியிருந்தீர்கள். 2004-லேயே சென்னையில் அண்ணா எஃப்.எம். வந்துவிட்டதே? நம் ஊர்ப் பெருமையை எடுத்து எங்கோ ஒரு பட்டிக்காட்டு நிலையத்துக்குக் கொடுப்பானேன்?
- ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி தொடங்கியது, சங்கம் ரேடியோ 2008 அக்டோபர் 15-ஆம் தேதி. நாட்டின் முதல் வளாக வானொலி என்ற பெருமை அண்ணா எஃப்.எம்-முக்குத்தான், அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் நடுவில் நாலரை வருடத்துக்கும் மேலான இந்த இடைவெளி ஏன் வந்தது என்று யோசித்தீர்களா? சங்கம் ரேடியோவை நடத்தும் பெண்கள் சோம்பி இருந்ததால் வரவில்லை, அவர்களுக்கு அனுமதி தராததால் வந்தது.

ஜஹீராபாத் பக்கத்தில் மச்னூர் என்றொரு கிராமம். அந்த வட்டாரத்தில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்போடு சேர்ந்து சங்கம் அமைத்த தலித் பெண்கள், பெரும்பாலும் கையளவு மானாவாரி நிலத்தில் தினையும் சோளமும் விதைப்பவர்கள், தங்களுக்கென்று ஒரு ரேடியோ வேண்டும் என்று கேட்டார்கள். யுனெஸ்கோ உதவியோடு 1990-களின் கடைசியிலேயே ஒலிப்பதிவுக்கூடம் தயாராகிவிட்டது. எல்லாம் இருந்தும் ஒலிபரப்ப மட்டும் உரிமம் இல்லை. சரி என்று சும்மா இருந்துவிடவில்லை அவர்கள். விதை சேமிப்பு, கைவைத்தியம், பண்டிகைப் பாட்டு, பெண்களின் வழக்குகள் என்று எல்லாவற்றையும் கேசட்டில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டார்கள். இப்படியே வருடக்கணக்காக. நல்ல நிலையில் இருக்கிற நிலையத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு கேசட்டைச் சுமந்து திரிய வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தருகிற விஷயம்.

அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. அதற்கப்புறம் தனியார் எஃப்.எம். நிலையங்கள் ஏலத்தில் கிளம்பின. சமுதாய வானொலிக்கென்று அரசு கொண்டுவந்த முதல் கொள்கையோ கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. பல்கலைக்கழகம் கேட்டால் சரி, வயலில் வேலை செய்கிற பெண்கள் கேட்டால் இல்லை. 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதி மாறியது. 2008-இல் நிலையத்தைத் தொடங்கி வைத்தவர் நீதிபதி பி.பி. சாவந்த், அந்த 1995 தீர்ப்பை எழுதியவர். அந்தப் பெண்கள் சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பட்டிக்காட்டு நிலையம் என்கிறீர்கள். அந்தப் பட்டிக்காட்டில் நிகழ்ச்சியைப் பதிவதும் தொகுப்பதும் ஒலிபரப்புவதும் ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்று ஒரே பேர் கொண்ட இரண்டு பெண்கள் பொறுப்பில் நடந்தது. ஒலிபரப்பு இரவு 7 மணியிலிருந்து 9 மணி வரை, காட்டு வேலை முடித்து வீடு திரும்புகிறவர்களுக்குத் தோதான நேரம். பேச்செல்லாம் அந்த வட்டாரத்துத் தெலுங்கில். நகரத்து ரேடியோவில் அந்தப் பேச்சை நகைச்சுவைப் பாத்திரங்களுக்குத்தான் கொடுப்பார்கள். சமுதாய வானொலிக்கு விதி அனுமதிக்கிற சக்தி 100 வாட், அதை வைத்துச் சுற்றி 25 கிலோமீட்டர் போனால் பெரிது. ஆனால் அவர்களுக்குப் பக்கத்து ஊர்தானே வேண்டும்?

"மக்களே நடத்தும்" என்று நான் எழுதியது இதனால்தான், அதை மாற்றப்போவதில்லை. நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. அண்ணா எஃப்.எம். ஆகட்டும், சங்கம் ரேடியோ ஆகட்டும், சொந்தமாகச் செய்தி வாசிக்க இன்னும் அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்தோ உள்ளூர் மொழியில் பெயர்த்தோ போடலாம், அவ்வளவுதான். தன் ஊர்ப் பஞ்சாயத்தில் என்ன நடந்தது என்று செய்தியாகச் சொல்ல ஒரு ஊர் ரேடியோவுக்கு ஏன் தடை என்று கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் முதல் கடிதமாகப் போடுகிறேன்.