கண்ணை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா, டாக்டர்?

கேள்வி: என் கணவருக்கு 62 வயது. எட்டு வருஷத்துக்கு முன் புற்றுநோய் என்று இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். போன மாதம், வலது கண்ணில் வாசல் நிலை வளைந்து தெரிகிறது என்றார். அந்தப் புற்றுநோய்தான் கண்ணுக்குள் பரவியிருக்கிறதாம். கண்ணையே எடுத்துவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். எடுத்துவிடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். அந்தக் கட்டி கண்ணில் பிறந்ததல்ல, ரத்தத்தோடு வந்து தங்கியது. விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்றொரு படலம், முழுக்க ரத்தக் குழாய்கள். கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. பரவும் செல்களும் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். கண்ணை எடுத்தாலும் உடம்பில் வேறெங்காவது இருப்பது அப்படியே இருக்கும். பார்வை முழுக்கப் போய், வலியும் அடங்காத கண்ணைத்தான் எடுக்க யோசிப்போம்.

எட்டு வருஷம் கழித்து வந்ததற்கு உங்கள் கவனக்குறைவு காரணமில்லை. இந்தப் புற்றுநோயின் குணமே அது. பத்து வருஷம் தாண்டித் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் உடல் முழுக்க ஸ்கேன், மூளைக்கு எம்ஆர்ஐ. ஸ்கேன் அறையில் ‘இவருக்கு ஒரே சிறுநீரகம்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, ஸ்கேனுக்கான மருந்தை ஏற்றுவார்கள்.

உடம்பு முழுக்க வேலை செய்ய, நிவோலுமேப் போன்ற இம்யூனோதெரபி ஊசி உண்டு, உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டுவது. சுனிடினிப், கபோசான்டினிப் மாத்திரைகளும் உண்டு. இவற்றிலேயே கண் கட்டி சுருங்குவதுண்டு. ஆனால் வாசல் நிலை வளைந்து தெரிகிறதென்றால் நடுப்பார்வைக்கு ஆபத்து வந்துவிட்டது. அதனால் கதிர்வீச்சைத் தள்ளிப்போடாதீர்கள். முகத்துக்கு அளவெடுத்த மாஸ்க் போட்டு, தினமும் சில நிமிடம், இரண்டு முதல் நான்கு வாரம். வலிக்காது. சிறிய ஒற்றைக் கட்டி என்றால் கதிர்வீசும் ருத்தேனியம் தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்து, சில நாளில் எடுத்துவிடுவார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையமே அந்தத் தகட்டைத் தயாரிக்கிறது.

கதிர்வீச்சால் பின்னாளில் கண் உலரலாம், புரை வரலாம், விழித்திரையும் பாதிக்கப்படலாம். ஆனால் சும்மா விட்டால் கட்டியைச் சுற்றி நீர் கோத்து விழித்திரை பிரிந்துவிடும். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

சுனிடினிப், கபோசான்டினிப் மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், வீட்டிலேயே பார்த்து எழுதி வையுங்கள். மூட்டுவலி என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தராதீர்கள், இருக்கும் ஒரு சிறுநீரகத்துக்கு ஆகாது.

அப்புறம், இடது கண். அதிலும் வரலாம். தினமும் காலையில் வலது கண்ணை மூடிக்கொண்டு மாதக் காலண்டரின் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு நெளிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.