வீடு கைமாறினால் மொட்டை மாடி வாரண்டியும் கைமாறுமா?

பெங்களூரில் மழை வலுக்கும் செப்டம்பர், அக்டோபரில்தான் ஒழுகல் பற்றிய கேள்விகள் அதிகம் வருகின்றன. பழைய வீடு வாங்கியவர்கள் கேட்டதில் சில இங்கே.

மூன்று வருடப் பழைய அபார்ட்மென்டில் மேல்தள ஃபிளாட் வாங்கினோம். படுக்கையறை சீலிங் ஊறி பெயின்ட் உரிகிறது. "வாரண்டி முதல் ஓனருக்குத்தான்" என்கிறார் பில்டர். (பானஸ்வாடி)

அவர் சொல்வதை ஏற்காதீர்கள். ரெராவில் (வீட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) பதிவான திட்டம் என்றால், 2016-ம் வருட ரெரா சட்டத்தின் 14-ம் பிரிவுப்படி கட்டுமானக் குறை, வேலைத்தரக் குறை எதுவானாலும் வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து 5 வருடத்துக்கு பில்டர்தான் பொறுப்பு. குறையைச் சொன்ன 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் நஷ்டஈடு கேட்கலாம். முதல் ஓனரிடமிருந்து வாங்கியவரையும் அதே சட்டம் உரிமையாளர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் 5 வருடக் கணக்கு உங்கள் பத்திரப் பதிவு நாளிலிருந்து புதிதாக ஓடாது, முதல் ஓனர் சாவி வாங்கிய நாள்தான் கணக்கு. அவரிடம் அந்த ஒப்படைப்புக் கடிதத்தை இன்றே கேட்டு வாங்குங்கள். புகாரை மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள், போனில் பேசியதெல்லாம் நிற்காது. மாடி எல்லோருக்கும் பொதுவானது, அதனால் அசோசியேஷனும் தனியாக ஒரு கடிதம் எழுதினால் பலம். அவசரப்பட்டு வெளியாளை வைத்துப் பூசிவிடாதீர்கள்; "நீங்கள்தான் கை வைத்தீர்கள்" என்று பில்டர் நழுவ அதுவே போதும். அவர் அசையவில்லை என்றால் கர்நாடக ரெராவில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம்.

தனி வீடு. பழைய ஓனர் வாட்டர்ப்ரூஃபிங் செய்து பத்து வருட வாரண்டி கார்டு வைத்திருக்கிறார். அது எங்களுக்குச் செல்லுமா? (கே.ஆர்.புரம்)

கார்டில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. சில கார்டுகள் முதல் ஓனரோடு முடிந்துவிடும், சிலவற்றில் வீடு விற்ற இத்தனை நாளுக்குள் தெரிவித்துப் பெயர் மாற்ற வேண்டும் என்றிருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: வாட்டர்ப்ரூஃபிங் மருந்து தயாரிக்கும் கம்பெனி தரும் வாரண்டி வேறு, பூசிய கான்ட்ராக்டர் தரும் வாரண்டி வேறு. முதலாவதில் பெரும்பாலும் புது டின் மட்டும்தான் கிடைக்கும், கூலி உங்கள் தலையில். எனவே பதிவுக்கு முன்பே ஒரிஜினல் பில், கார்டு இரண்டையும் வாங்கிக்கொண்டு, கம்பெனிக்கு மெயில் போட்டு "புது ஓனருக்கும் செல்லும்" என்று பதில் வாங்குங்கள். பணம் முழுதாகக் கைமாறிய பிறகு பழைய ஓனர் உங்களுக்காக அலைவார் என்று நம்பாதீர்கள்.

அப்புறம் மாடிக்கு ஏறிப் பாருங்கள். டிஷ் ஆன்டெனாவுக்கோ துணிக்கொடிக் கம்பத்துக்கோ தளத்தில் ட்ரில் போட்டு, போல்ட்டைச் சுற்றி வெறும் சிமென்ட் அப்பியிருந்தால் வாரண்டி அங்கேயே போயிருக்கலாம். மழைநீர்க் குழாய் வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் கழித்துக் கீழே சீலிங்கைத் தடவிப் பாருங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

ஒழுகலை மறைக்கப் புதுப் பெயின்ட் அடித்து விற்றுவிட்டார்கள். ஒன்றும் செய்ய முடியாதா? (விவேக் நகர்)

முடியும். 1882-ம் வருட சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ம் பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. அவருக்குத் தெரியும் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். முன்பு குடியிருந்தவர், பெயின்டர், அக்கம்பக்கத்தார் சொல்வதையும் பழைய வாட்ஸ்அப் செய்திகளையும் சேர்த்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

வாடகைக்கு இருக்கிறேன், பில்டரிடம் நானே கேட்கலாமா?

ரெராவில் வாடகைதாரருக்கு அந்த உரிமை இல்லை. ஓனருக்குப் போட்டோவோடு எழுத்தில் சொல்லுங்கள்.

வாங்கிய வீட்டில் சோலார் பேனல் போடப் போகிறோம், வாரண்டி இன்னும் இருக்கிறது.

போடுவதற்கு முன்பே வாட்டர்ப்ரூஃபிங் செய்தவருக்கு எழுதிக் கேளுங்கள். துளை போடாமல் கான்கிரீட் பிளாக் மேல் நிறுத்தும் ஸ்டாண்டுகள் உண்டு, ஆனால் தளம் அந்த எடையைத் தாங்குமா என்று இன்ஜினியர் பார்க்க வேண்டும். துளை போட்டே தீர வேண்டுமென்றால், அந்த இடங்களை வாட்டர்ப்ரூஃபிங் செய்தவரே சீல் செய்து, வாரண்டி தொடரும் என்று கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.