அரசுப் பள்ளியில் கைடு வாங்குவது கட்டாயமா?

கேள்வி: கோத்தகிரி அருகே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எல்லாப் பாடங்களுக்கும் கைடு வாங்கி வரச் சொல்கிறார்கள். வாங்காத பிள்ளைகளை எழுப்பி நிற்க வைக்கிறார்களாம். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. மகளின் பாடநூலில் முதல் சில பக்கங்களைப் புரட்டுங்கள். 'விற்பனைக்கு அன்று' என்று அச்சிட்டிருக்கும். நூலை உருவாக்கிய மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், அச்சிட்ட பாடநூல் கழகம் ஆகியவற்றின் பெயர்களும் அங்கேயே இருக்கும். அரசு வகுத்த பாடம் அதுதான். அதை இலவசமாகவே தருகிறது. கைடு கடைச்சரக்கு. விருப்பப்பட்டவர்கள் வாங்கலாம், அவ்வளவுதான்.

6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையின் படிப்புக்குத் தடையாகும் எந்தச் செலவையும் அதன் தலையில் கட்டக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்துவதா? மனத்துன்புறுத்தலுக்கு 17ஆம் பிரிவு தடை விதித்திருக்கிறது.

பணத்தைவிட எனக்கு வேறொரு கவலை பெரிது. 'உங்கள் ஊரில் விளையும் முக்கியப் பயிர் எது?' என்ற கேள்விக்கு 'நெல்' என்று எழுதியிருந்த ஒரு நோட்டைக் குன்னூர்ப் பக்கத்தில் பார்த்தேன். எழுதிய சிறுமியின் வீட்டு வாசலிலிருந்தே தேயிலைச் சரிவு தொடங்குகிறது. கைடில் இருந்ததை அப்படியே எழுதியிருக்கிறாள். டிக் அடித்துத் திருத்தியும் இருந்தார்கள். பிள்ளை தன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய பதிலையும் கைடு பறித்துக்கொள்கிறது.

முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். மகளுக்குத் தொல்லை வருமோ என்ற அச்சம் இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் யார் பெயரும் சொல்லாமல் பொதுக் கேள்வியாகவே எழுப்பலாம். அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அங்கே நீங்கள் தனி ஆளாக நிற்க மாட்டீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுதுங்கள். மனுவின் நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.