இணையப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, தேன் என்று எங்கள் வீட்டுப் பொருட்களை இணையத்தளம் போட்டு விற்கிறோம். வாங்குவது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிற எங்கட சனம்தான். கூகுளில் தேடினால் எங்கள் கடை நாலாம் பக்கத்தில் கிடக்கிறது. "500 லிங்க் போட்டுத் தாறன், எல்லாம் டிஏ 50க்கு மேல், 20,000 ரூபாய்" என்று வட்ஸ்அப்பில் ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்தக் காசுக்குப் பொதி செய்கிற பெட்டியாவது வாங்கி வையுங்கள்.

அவர் சொல்கிற லிங்க், வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு. டிஏ (டொமைன் ஒதோரிட்டி) என்பது கூகுளின் அளவே இல்லை. ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று மொஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கணக்குக்கு 100க்குப் போடும் புள்ளி அது. இரண்டு தளங்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கூகுள் அதைப் பார்த்து யாரையும் மேலே ஏற்றுவதில்லை.

லிங்குக்கு மதிப்பு வந்ததே பரிந்துரை என்ற கணக்கில்தான். ஸ்டான்போர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார்கள்: பலர் பரிந்துரைக்கிற பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டினால் அதற்கு எடை கூட. எடை இருக்கிற இடத்துக்கு வியாபாரிகள் வராமல் இருப்பார்களா? லிங்க் விற்பனை பெருகியது. 2012 ஏப்ரலில் கூகுள் 'பெங்குவின்' என்ற வடிகட்டியை இறக்கி அப்படி ஏறிய பல தளங்களைக் கீழே தள்ளியது. 2016இல் அது கூகுளின் வழமையான கணிப்போடு சேர்ந்துவிட்டது. இன்று காசுக்கு வாங்கிய லிங்கைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்காது. மிஞ்சிப் போனால் ஆள் வைத்துப் பார்த்துத் தண்டிக்கும், அந்த அறிவித்தல், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கொன்சோல் என்ற கருவியில் வரும். அந்தக் கருவி இலவசம்தான், இன்றே பதிந்து, உங்களுக்கு இப்போது யார் லிங்க் தருகிறார்கள் என்று பாருங்கள்.

சரி, நல்ல லிங்க் எப்படி வரும்? உங்கள் புழுக்கொடியல் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு படம், விலை, 'வாங்க' என்ற பொத்தான். இதற்கு யார் லிங்க் தருவார்? ரொறன்ரோவில் ஒருவர் கூழ் காய்ச்சும் முறையை எழுதுகிறார் என்று வையுங்கள். ஒடியல் மா என்றால் என்ன என்று தன் வாசகருக்குக் காட்ட அவருக்கு ஒரு பக்கம் தேவை. அது உங்களுடையதாக இருக்கட்டும். பனங்கொட்டையைப் பாத்தி போடுவது, கிழங்கு கிண்டுவது, பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல் என்பது, எல்லாவற்றையும் உங்கள் முற்றத்துப் படங்களோடு எழுதுங்கள். ஆங்கிலத்திலும் ஒன்று போடுங்கள், அங்கே பிறந்த பிள்ளைகள் அதில்தான் தேடுவார்கள்.

அப்புறம் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். உங்களிடம் வாங்குகிறவர்களில் யாராவது சமையல் குறிப்பு எழுதுவார்கள், யாராவது பழைய மாணவர் சங்கத் தளத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அறிவியல் நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலிருந்து மாணவர்கள் வந்து பாத்தியைப் பார்த்துப் போனால், அதை எழுதும்போது உங்கள் தளத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத் தளம் என்பதற்காக மட்டும் கூகுள் தனிப் புள்ளி போடுவதில்லை. பனையைப் பற்றிப் பேசும் பக்கத்திலிருந்து வருகிறதே, அதுதான் விசயம். இன்ன சொல்லில்தான் லிங்க் வைக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பத்துப் பேரும் 'தரமான புழுக்கொடியல் மலிவு விலையில்' என்று எழுதினால் கூகுளுக்கு மட்டுமில்லை, எனக்கே சந்தேகம் வரும்.

கேள்வி: நான் உழவு இயந்திரம் திருத்துகிறேன், நண்பர் அதற்கு உதிரிப்பாகம் விற்கிறார். ஒருவர் தளத்தில் மற்றவர் லிங்க் போட்டால் பிழையா?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: தாராளமாகப் போடுங்கள். உங்களிடம் வருகிறவருக்கு அவர் கடை தேவைதானே. முன்பின் தெரியாத நாற்பது கடைகளோடு 'நீ போடு, நானும் போடுறன்' என்று இறங்கினால்தான் கூகுளின் விதிக்கு மாறு.

கேள்வி: பேஸ்புக்கில் போடும் லிங்க் கணக்கில் வருமா?
- வாசகர், மாங்குளம்

பதில்: தரவரிசைக்கு அதை நம்ப வேண்டாம். அந்த லிங்குகளில் 'நோஃபொலோ' என்ற குறி இருக்கும். 'இதை என் பரிந்துரையாக எடுக்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது, 2005இல் வந்தது. ஆனால் ஆட்கள் அதை அழுத்தி வந்து பொருள் வாங்குவார்கள், அதற்காகப் போடுங்கள். செய்தித் தளத்தில் காசு கட்டி விளம்பரம் கொடுத்தால், அந்த லிங்குக்கு 'ஸ்பொன்சர்ட்' என்ற குறியைப் போடச் சொல்லுங்கள். போட்டால் விளம்பரத்தால் கூகுளோடு வில்லங்கம் வராது.