அச்சேறாத மசோதா

கே: போன இதழில் அயர்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மேரி ராபின்சனைப் பற்றி, "செனட்டராக இருந்த 20 வருடங்களில் சுகாதாரம், கல்வி, சமூகக் கொள்கை விவாதங்களில் பெரும் பங்காற்றியவர்" என்று எழுதியிருந்தீர்கள். அவர் கொண்டுவந்த கருத்தடை மசோதா தோற்றுத்தானே போனது? மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத மேலவையில் உட்கார்ந்து பேசுவது வெட்டிப்பேச்சு இல்லாமல் வேறென்ன? நம் ஊரில் 1986லேயே மேலவையை மூடிவிட்டார்கள். யாருக்கு என்ன குறைந்துவிட்டது?
— வாசகர், கும்பகோணம்

ப: முதலில் என் பக்கத்துத் தப்பு. "பெரும் பங்காற்றியவர்" என்பது பொன்னாடை போர்த்தும் மேடையில் சொல்கிற வாக்கியம். யாரைப் பற்றியும் எழுதலாம், எதுவும் சொன்னதாக ஆகாது. இதழ் முடிக்கிற அவசரத்தில் எழுதிவிட்டேன், நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். சரி.

அடுத்தது உங்கள் தப்பு. அந்த மசோதா விவாதத்தில் தோற்கவில்லை. விவாதத்தில் தோற்க வேண்டும் என்றால் முதலில் விவாதத்துக்கு வர வேண்டுமே, அதற்கே விடவில்லை.

அயர்லாந்தில் 1935ஆம் வருடச் சட்டம் ஒன்றின் 17ஆம் பிரிவுப்படி கருத்தடைச் சாதனங்களை விற்கக்கூடாது, வெளிநாட்டிலிருந்து தருவிக்கவும் கூடாது. கல்யாணமானவர்களுக்கும் அதே கதைதான். 60களில் மாத்திரை வந்தபோது டாக்டர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், மாதவிலக்கை ஒழுங்குபடுத்தும் மருந்து என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவது. நாட்டில் திடீரென்று அத்தனை பெண்களுக்கு மாதவிலக்கு ஏன் தாறுமாறாகப் போனது என்று அரசாங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது என்ற ஏற்பாடு அது.

இந்த இடத்தில்தான் 1969ல், 25 வயதில், செனட்டுக்குள் வருகிறார் மேரி. மேயோ மாவட்டத்தில் பலினா என்ற சிறிய ஊர், அப்பா அம்மா இரண்டு பேரும் டாக்டர்கள், பக்தியான கத்தோலிக்கக் குடும்பம். படித்தது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில். அது புராட்டஸ்டன்ட் கல்லூரி என்பதால் கத்தோலிக்கப் பிள்ளைகள் அங்கே சேர பேராயரிடம் அனுமதி வாங்க வேண்டும். 1970 வரை இந்த விதி இருந்தது, ஆகவே மேரிக்கும் ஜான் சார்லஸ் மெக்குவைட் என்ற பேராயரிடம் அனுமதி வாங்கினார்கள். கல்விக் கொள்கை, சுகாதாரக் கொள்கை என்று நாம் தனித்தனியாகப் பேசுகிறோம். அன்றைய அயர்லாந்தில் இரண்டுக்கும் சாவி ஒரே இடுப்பில் தொங்கியது.

1971ல் 17ஆம் பிரிவை நீக்க மேரி ஒரு மசோதா தயாரித்தார். கூடக் கையெழுத்துப் போட்டவர்கள் ஜான் ஹார்கன், ட்ரெவர் வெஸ்ட் என்ற இரண்டு செனட்டர்கள். தனி உறுப்பினர் மசோதா என்றால் முதல் வாசிப்புக்கு அவை அனுமதி தர வேண்டும், தந்தால்தான் அதை அச்சடித்து உறுப்பினர்கள் கையில் கொடுப்பார்கள். வழக்கமாக இது ஒரு மரியாதைச் சடங்கு, எதிர்க்கிறவர்கள்கூட விட்டுவிடுவார்கள், சண்டையை அடுத்த கட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று. இந்த மசோதா நிகழ்ச்சி நிரலில் உட்கார்ந்தபடியே இருந்தது. அன்றன்றைக்கு எந்தெந்த எண்களை எடுப்பது என்று அவை முன்னவர் வாசிப்பார், வாசிக்கும்போது இந்த எண்ணை மட்டும் தாண்டிப் போய்விடுவார். மேரி எழுந்து கேட்பார், பதில் வராது, அடுத்த அமர்விலும் அதே கதை. கடைசியில் ஜூலையில் ஓட்டெடுப்பு நடந்தது. மசோதா வேண்டுமா வேண்டாமா என்பது அல்ல கேள்வி, அதை அச்சடிக்கலாமா என்பது. 14 பேர் சரி என்றார்கள், 25 பேர் கூடாது என்றார்கள். படித்துப் பார்க்கவே பயந்தார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதற்குள் வெளியே நடந்ததைக் கேளுங்கள். மார்ச் மாதம் மெக்குவைட்டின் கடிதம் டப்ளின் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது, இப்படிச் சட்டம் வந்தால் அது நாட்டுக்கே சாபம் என்று. கல்லூரிக்குப் போக அனுமதி கொடுத்த அதே மெக்குவைட்தான். மேரியின் வீட்டுக்கு மூட்டை மூட்டையாக வசவுக் கடிதங்கள். முந்தைய டிசம்பரில் அவர் ஒரு புராட்டஸ்டன்டைக் கல்யாணம் செய்துகொண்டபோது பெற்றோர் கல்யாணத்துக்கே வரவில்லை. ஆனால் பலினா தேவாலயத்தில் பூசை நடுவே மேரியைக் கண்டித்துப் பேசியபோது, அதே அப்பாவும் அம்மாவும் எழுந்து வெளியே நடந்தார்கள். சின்ன ஊரில், எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர் குடும்பம் பூசை முடியாமல் எழுந்து போவது என்றால் என்ன என்பது, கோயில் தெருவில் வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மே மாதத்தில் பெண்கள் விடுதலை இயக்கத்தார் டப்ளினிலிருந்து பெல்பாஸ்டுக்கு ரயிலேறினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டனைச் சேர்ந்த வடக்கு அயர்லாந்து, அங்கே எல்லாம் கிடைக்கும். கருத்தடை மாத்திரை வாங்கப் போனால் அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். சீட்டு இல்லை. சளைக்கவில்லை, ஆஸ்பிரினை வாங்கிக்கொண்டு வந்து டப்ளின் ஸ்டேஷனில் சுங்க அதிகாரிகள் முன்னால் தூக்கிக் காட்டினார்கள். அதிகாரிகளுக்கு எது எந்த மாத்திரை என்று தெரியவா போகிறது! பேசாமல் விட்டுவிட்டார்கள். மேரி அந்த ரயிலில் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே ஆள் சாதித்ததாக எழுதுகிற அந்தப் பொன்னாடை வியாதி எனக்கு மறுபடி வந்துவிடும்.

சட்டத்தில் முதல் துளை போட்டதும் செனட் இல்லை, நீதிமன்றம். இது உங்கள் கட்சிக்குச் சாதகமான பாயிண்ட், எடுத்துக்கொள்ளுங்கள். 1973 டிசம்பரில் மெக்கீ வழக்கு. நான்கு குழந்தைகள் பெற்ற அம்மா, இன்னொரு பிரசவம் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், தபாலில் தருவித்த கருத்தடை ஜெல்லியைச் சுங்கத்தார் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். தம்பதிகள் சொந்த உபயோகத்துக்குத் தருவிப்பதைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, தருவிக்கலாம், உள்ளூரில் வாங்க முடியாது. இந்தக் கோமாளித்தனத்தைச் சரிசெய்ய 1974ல் அரசாங்கமே ஒரு மசோதா கொண்டுவந்தது. கீழவை ஓட்டெடுப்பில் பிரதமர் லியம் காஸ்கிரேவ் தன் சொந்த அரசின் மசோதாவுக்கு எதிராகப் போய் ஓட்டுப் போட்டார், கவிழ்ந்தது. 1979ல் சார்லஸ் ஹாஹி சுகாதார அமைச்சராக ஒரு சட்டம் கொண்டுவந்தார், அதன்படி ஆணுறை வாங்கவும் டாக்டர் சீட்டு வேண்டும். "அயர்லாந்துப் பிரச்சினைக்கு அயர்லாந்துத் தீர்வு" என்று அவரே பெருமையாகச் சொன்னார், இன்று அது அங்கே கிண்டல் வார்த்தை. சீட்டு இல்லாமல் வாங்க 1985 ஆனது.

மக்கள் தேர்ந்தெடுக்காத அவை என்று சொல்கிறீர்களே, அதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. செனட்டில் 60 இடம். 43 பேரை உள்ளூர் கவுன்சிலர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களுமாகச் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள், 11 பேரைப் பிரதமர் நியமிக்கிறார், மீதி 6 பேர் பட்டதாரித் தொகுதி. நம் ஊரில் பட்டதாரி எம்.எல்.சி. என்று இருந்ததே, அதே ரகம். பட்டம் வாங்காதவனுக்கு ஓட்டு இல்லை, எந்தப் பட்டம் என்பதிலும் பாகுபாடு இருந்தது. இது அநியாயம்தான், 2023ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே அந்தப் பாகுபாடு அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆனால் அந்த மசோதாவில் கையெழுத்துப் போட்ட மூன்று பேர் எங்கிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். மூன்று பேரும் பட்டதாரித் தொகுதி. கவுன்சிலர் தயவில் வந்தவருக்கு ஊர்ப் பாதிரியாரின் முகம் வேண்டும், பிரதமர் தயவில் வந்தவருக்குப் பிரதமரின் முகம் வேண்டும். பட்டதாரிகள் தபாலில் போட்ட ஓட்டில் வந்தவருக்கு எந்தப் பிரசங்க மேடையும் பொருட்டில்லை. ஜனநாயகத்தில் சேராத ஒரு மூலையிலிருந்துதான் ஜனநாயகத்துக்கு வேண்டிய பேச்சு வந்தது. எனக்கே இது ஜீரணமாகவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

மேரி முதல் ஆளும் இல்லை. அதே டிரினிட்டி தொகுதியில் 50களிலிருந்து ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்ற பிரெஞ்சு ஆசிரியர் செனட்டராக இருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று எழுந்து எழுந்து பேசுவார். பெண் பிள்ளைகளையாவது அடிக்காதீர்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தார், நடக்கவில்லை. 1970ல் இறந்துபோனார். அவர் இடம் காலியாகி வந்தவர்தான் மேலே சொன்ன ட்ரெவர் வெஸ்ட். பிரம்பு பள்ளியை விட்டுப் போனது 1982ல். உங்கள் கணக்குப்படி இவரும் வெட்டிப்பேச்சுதான்.

1983ல் கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிர் உரிமை என்று அரசியல் சாசனத்தில் எழுத வந்தார்கள். இந்த வாசகம் தெளிவாக இல்லை, டாக்டர்கள் என்ன செய்வார்கள் என்று எதிர்த்துப் பேசியவர்களில் மேரியும் ஒருவர். மக்கள் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆம் என்றார்கள். 2012ல் கால்வே ஆஸ்பத்திரியில், கர்நாடகத்திலிருந்து அயர்லாந்துக்குப் போய் வாழ்ந்த பல் டாக்டர் சவிதா, கரு பிழைக்காது என்று தெரிந்தும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, நோய்த்தொற்று ஏறி இறந்தபோது அந்த வாசகம்தான் ஊரெல்லாம் பேச்சானது. 2018ல் இன்னொரு வாக்கெடுப்பு வைத்து, இந்த முறை 66.4 சதவீதம் பேர் சேர்ந்து அதை நீக்கினார்கள். நடுவில் 35 வருடம்.

நம் ஊர் மேலவையை மூடியதில் என்ன குறைந்தது என்று கேட்டீர்கள். அங்கேயும் கேட்டார்கள், 2013 அக்டோபரில் செனட்டை ஒழிக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று 51.7 சதவீதம். பாசத்தால் போட்ட ஓட்டு மாதிரித் தெரியவில்லை. நம்மிடம் அப்படி யாரும் கேட்கவில்லை, அந்த ஒரு வித்தியாசம்.

அப்புறம் அந்த வசவுக் கடிதங்கள். மேரியின் கணவர் நிக் அவற்றையெல்லாம் எரித்துவிட்டார், மனைவி கண்ணில் பட வேண்டாம் என்று. புருஷனாக அவர் செய்தது சரி, பத்திரிகைக்காரனாக எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் செனட்டின் அவைக்குறிப்பை யாரும் எரிக்கவில்லை. அங்கே ஓட்டெடுப்பு முடிந்ததும் ஐரிஷ் மொழியில் "டா" என்று ஆம் சொன்னவர்களையும் "நீல்" என்று இல்லை சொன்னவர்களையும் பெயர் பெயராகப் போடுவார்கள். 1971 ஜூலைப் பக்கத்தைத் திறந்தால், அச்சடிக்காதே என்று சொன்ன 25 பேரின் பெயரும் நீல் பட்டியலில் அச்சாகி இருக்கிறது.